கம்பீர் கொப்பரையும் தோல் ஷாப்பும்: ஜொகூரிலிருந்து பாலாறு வரை ஒரு தொழிலின் வரலாறு



ஜொகூர் மாநிலச் சின்னத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை பார்க்கும்போது அதில் உள்ள இலைகளைக் கவனியுங்கள். அவை மிளகு, கம்பீர் என்ற இரண்டு பயிர்களைக் குறிக்கின்றன. மிளகு நமக்குத் தெரியும். கம்பீர் எதற்கு? "வெற்றிலையோடு மெல்லுவாங்க, காசுக்கட்டி மாதிரி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் பாதி விடைதான். ஒரு வாய் வெற்றிலைக்காகக் காட்டையெல்லாம் அழித்துத் தோட்டம் போட மாட்டார்கள். மீதி விடை தோலில் இருக்கிறது.

பாடநூலில் கங்சூ முறை வரும். தமிழர் வரலாறு என்று வந்தால் ரப்பர்த் தோட்டம் வரும். தோல் பதனிடும் தொழில் இரண்டிலும் வருவதில்லை. ஆனால் இவ்விரண்டையும் இணைக்கும் கயிறு அதுதான். இந்தக் கட்டுரை ஜொகூரில் தொடங்கி, சென்னையின் பெரியமேடு, பாலாற்றுக் கரை, திண்டுக்கல் என்று போய், நம் வகுப்பறைக்குத் திரும்புகிறது.

1. முதலில் ஒரு கேள்வி: தோல் ஏன் அழுகுவதில்லை?

உரித்த தோலை அப்படியே போட்டால் சில நாள்களில் அழுகி நாறும். காயவைத்தால் தகடுபோல விறைக்கும். நனைத்தால் மறுபடி அழுகும். தோலில் உள்ள புரதத்தோடு ஒரு துவர்ப்புப் பொருள் சேர்ந்து பிணைந்துகொண்டால்தான் அது அழுகாமல், மடிந்து கொடுக்கும் பொருளாக மாறும். அந்தத் துவர்ப்புப் பொருளின் பெயர் டானின். கடுந்தேநீர் குடித்தால் நாக்கை இழுக்கிறதே, அதற்கும் இதுதான் காரணம்.

எந்த ஊரில் எந்தத் துவர்ப்பு கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் அந்த ஊர்த் தொழில் வளர்ந்தது. இங்கிலாந்தில் ஓக் மரப்பட்டை. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை, கொன்னைப்பட்டை, கடுக்காய். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தோல் தொழில் வேகமாகப் பெருகியபோது உள்ளூர்ப் பட்டை போதவில்லை. உலகம் முழுவதும் துவர்ப்பைத் தேடினார்கள். தேடி வந்த இடங்களில் ஒன்று சிங்கப்பூரும் ஜொகூரும்.

2. ஜொகூர்: தோல் இல்லாத தோல் வரலாறு

சிங்கப்பூரில் கம்பீர் பயிரிட்ட சீன விவசாயிகள், நிலம் களைத்துப்போனதும் நீரிணையைக் கடந்து ஜொகூருக்கு வந்தார்கள். பெரும்பாலோர் தியோசூ மக்கள். தெமெங்கோங் டாயேங் இப்ராஹிம் 1844-இல் ஆற்றோர நிலங்களைத் திறக்க அனுமதிக் கடிதம் கொடுக்கத் தொடங்கினார். அதுதான் 'சூராட் சுங்கை'. கடிதம் பெற்ற தலைவர் 'கங்சூ'. அவருடைய குடியிருப்பு 'கங்கார்'. கங்கார் புலாய், கங்கார் தெப்ராவ் என்ற பெயர்கள் இன்றும் உள்ளன. சிங்கப்பூரின் லிம் சூ காங், சுவா சூ காங் என்ற பெயர்களும் அதே வழியில் வந்தவைதான்.

கம்பீர் தயாரிப்பது எப்படி? இலையையும் இளங்கிளையையும் பறித்து, பெரிய இரும்புக் கொப்பரையில் மணிக்கணக்காகக் கொதிக்க வைப்பார்கள். சாறு கெட்டியானதும் ஆறவைத்து, துண்டுகளாக வெட்டிக் காயவைப்பார்கள். சக்கையை மிளகுக் கொடிக்கு எருவாகப் போடுவார்கள். அதனால்தான் மிளகும் கம்பீரும் இரட்டைப் பயிர்கள். கொப்பரைக்கு ஓயாமல் விறகு வேண்டும். சுற்றியுள்ள காடு தீர்ந்து மண்ணும் களைத்ததும், தோட்டத்தை விட்டுவிட்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடுவார்கள்.

ஆக, ஜொகூரின் ஆறுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டதற்குப் பின்னால், ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலிருந்த தோல் தொட்டிகளும் சாயத் தொட்டிகளும் இருந்தன. கம்பீர் சிங்கப்பூர்த் துறைமுகம் வழியாக இலண்டனுக்குப் போனது. இலண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பெர்மண்ட்சி என்ற பகுதி தோல் பேட்டையாகவே இருந்தது. இன்றும் அங்கே 'தோல் சந்தை' என்ற பெயரும், பதனிடுவோர் பெயரில் ஒரு தெருவும் உண்டு.

தேர்வு மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கங்சூ முறை 1917-இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் கம்பீரின் காலம் முடிந்துகொண்டிருந்தது. ரப்பர் விலை ஏறியது, மண்ணும் விறகும் தீர்ந்தன, பதனிடுவதற்கு வேறு பட்டைகளும் குரோமியமும் வந்துவிட்டன. ஜொகூரில் ரப்பர் பரவியபோது அதில் பால் வெட்ட வந்தவர்களில் நம் முன்னோர்களும் இருந்தார்கள்.

3. அதே காலத்தில் தமிழ்நாட்டில்

கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்போம். தோல் வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. முரசுக்குத் தோல் போர்த்துவதைச் சங்கப் பாடல்களே பேசுகின்றன. கிராமத்துக்குச் செருப்பும், மாட்டுக்கு வாரும், பறைக்குத் தோலும் வேண்டும். கிணற்றிலிருந்து மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலைக்குத் தோல் பை வேண்டும். தோல் வேலை செய்பவர் கை ஓய்ந்தால் வயலுக்குத் தண்ணீர் போகாது. ஆனால் அந்த வேலையைச் செய்தவரை ஊருக்கு வெளியே வைத்தார்கள். அவர் தொட்ட பை இறைத்த தண்ணீரில் விளைந்த நெல்லுக்குத் தீட்டில்லை, அவருக்கு மட்டும் தீட்டு! இந்த முரண்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கிராமத்துக் கைவேலை ஏற்றுமதித் தொழிலாக மாறியது. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, தெற்கே திண்டுக்கல், திருச்சி என்று ஊருக்கு ஊர் பதனிடும் கொட்டகைகள் எழுந்தன. மக்கள் வாயில் அவை 'தோல் ஷாப்பு'. ஏன் இந்த ஊர்கள்? மாணவர்கள் நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, ஆடு மாடு நிறைய உள்ள வறண்ட நிலம். இரண்டு, அதே வறண்ட நிலத்தில் தானாக முளைக்கும் ஆவாரஞ்செடி. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அந்த மஞ்சள் பூச்செடியின் பட்டைதான் பதனிடும் பொருள். மூன்று, பாலாற்று மணலுக்கு அடியில் கிடைத்த நல்ல தண்ணீர். நான்கு, ரயில். தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பிறகு அது பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாகவே மேற்கே நீண்டது. தோல் வண்டி ஏறினால் சென்னைத் துறைமுகம் பக்கம்தான்.

4. பெரியமேடு: தோலின் சந்தை

சென்னை சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பெரியமேடு இருக்கிறது. இது பதனிடும் இடம் என்பதைவிட, பதனிட்ட தோல் கைமாறும் இடம். வெளியூர்களில் அரைகுறையாகப் பதனிட்ட தோல் ரயிலில் வந்து இறங்கும். மண்டிக்காரர்கள் அதைத் தரம் பிரிப்பார்கள், விலை பேசுவார்கள், ஷாப்பு முதலாளிக்கு முன்பணம் கொடுப்பார்கள். அங்கிருந்து கப்பலில் இலண்டன் ஏலத்துக்கு. வணிகச் சங்கமும் கிடங்குகளும் தரகர்களும் தோல் மூட்டை சுமப்பவர்களும் என்று ஒரு முழுப் பேட்டையே அந்தத் தெருக்களில் உருவானது.

இங்கிலாந்துக்காரர்கள் இந்தத் தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆவாரம்பட்டையில் ஊறி, கடுக்காய் நீரில் முடிந்த, வெளிர் நிறத் தோல். அதை வாங்கியவர் தன் விருப்பப்படி மறுபடி பதனிட்டு, சாயம் ஏற்றி, காலணியாக்கிக் கொள்ளலாம். அதாவது கடினமான, நாற்றமடிக்கும் பாதி வேலை இங்கே, லாபம் கூடிய பாதி வேலை அங்கே. ஜொகூர்க் கம்பீரும் சென்னைத் தோலும் இலண்டன் துறைமுகத்தில் சந்தித்துக்கொண்டன என்று சொன்னால் மிகையில்லை. இரண்டும் மூலப்பொருளாகவே போயின என்பதை விடைத்தாளில் எழுத மறக்காதீர்கள்.

முதல் உலகப்போர் இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியது. படைவீரர்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு சென்னைத் தோல் தேவைப்பட்டதால் பிரிட்டிஷ் அரசே வாங்கியது. போர் முடிந்ததும் இத்தொழிலைக் காக்க 1919-இல் கச்சாத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி விதித்தார்கள். ஆனால் பிரிட்டிஷ் பேரரசுக்குள் போகும் தோலுக்கு 10 சதவீதம் தள்ளுபடி! காப்பு வரியிலும் யாருக்குக் காப்பு என்று பாருங்களேன்.

வணிகம் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் கையில் இருந்தது. அந்தப் பணத்தின் ஒரு பகுதி பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தொடங்கியது. தோல் வணிகர் ஜமால் முகமது 1931-இல் இலண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் வணிகத் துறைப் பிரதிநிதியாகக் கலந்துகொண்டவர். திருச்சியில் 1951-இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மேல்விஷாரத்தின் அப்துல் ஹக்கீம் கல்லூரியும் ஒரு தோல் வணிகரின் பெயரில் அமைந்ததுதான். ஆசிரியர்களாகிய நமக்கு இது மகிழ்ச்சியான செய்தி.

5. தொட்டிக்குள் இறங்கியவர்கள்

மகிழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் வரலாறு பாதியில் நிற்கும். ஷாப்புக்குள் என்ன வேலை நடந்தது?

உப்பிட்டு வந்த தோலை முதலில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. அங்கே பல நாள் கிடந்த பிறகு மயிர் தளரும். வளைந்த மரக்கட்டைமேல் தோலை விரித்து, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியால் மயிரை வழிப்பார்கள், மறுபக்கம் திருப்பிச் சதையைச் சீவுவார்கள். சுண்ணாம்பு போகக் கழுவிய பிறகு பட்டைத் தொட்டி. தொட்டிக்குள் இறங்கி நின்று தோலை மிதிப்பார்கள், புரட்டுவார்கள், நாளாக ஆக அதிகக் காரமுள்ள பட்டைநீருக்கு மாற்றுவார்கள். கடைசியில் கடுக்காய்நீர், எண்ணெய், நிழலில் காய்ச்சல். வாரக்கணக்கில் ஆகும் வேலை.

சுண்ணாம்பு கையை அரிக்கும். பட்டைநீர் நகத்தைக் கறுப்பாக்கும். நாற்றம் உடம்போடு வீட்டுக்கு வரும். இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர், பறையர் மக்களும் ஏழை முஸ்லிம்களும். முன்பணம் வாங்கியதால் வேறு இடத்துக்குப் போக முடியாத நிலையும் இருந்தது.

திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்கள் பொதுவுடைமை இயக்கத்தின் துணையோடு சங்கம் கட்டிப் போராடிய கதையை டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக எழுதினார். 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாடமி விருது அதற்குக் கிடைத்தது. இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் படிக்க வேண்டிய நூல். சென்னையில் எல்.சி. குருசாமி அருந்ததியர் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்தார். 1920-களில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக அமர்ந்து அவர்களுக்காகப் பேசினார். ஆகவே "பாவப்பட்ட மக்கள்" என்று மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். அவர்கள் அமைப்பு கட்டினார்கள், படித்தார்கள், கேள்வி கேட்டார்கள்.

இங்கே ஓர் உபகதை. பம்பாயின் தாராவி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே தோல் தொழிலை வளர்த்தவர்களில் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். ரப்பருக்காக மலாயா வந்ததுபோலவே தோலுக்காகவும் தமிழர் ஊர்விட்டு ஊர் போயிருக்கிறார்கள்.

6. குரோமியம் வந்த கதை

1903-ஐ ஒட்டி சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி குரோமியம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பூட்ஸுக்கு மட்டுமல்ல, கவலைப் பைக்கு! பட்டையில் பதனிட்ட பை தண்ணீரில் சீக்கிரம் கெட்டது. குரோம் தோல் நீண்ட நாள் உழைத்தது. பின்னர் பல்லாவரம் அருகே குரோம் லெதர் கம்பெனி வந்தது. சென்னையின் குரோம்பேட்டைக்கு அதனால்தான் அந்தப் பெயர்.

குரோமியத்தால் வாரக்கணக்கு வேலை நாள்கணக்கானது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா ஆய்வகத்துக்கும் ஷாப்புக்கும் பாலம் போட்டவர். 1970-களில் சீதாராமையா குழு, கச்சாத் தோலையும் அரைகுறைத் தோலையும் அனுப்புவதைக் குறைத்து, முழுமையாக முடித்த தோலும் காலணியும் ஏற்றுமதி செய்யச் சொன்னது. லாபம் கூடிய பாதி வேலை கடைசியில் தமிழ்நாட்டுக்கு வந்தது. நல்ல செய்திதானே? ஆம். ஆனால் முழு வேலையோடு முழுக் கழிவும் சேர்ந்து வந்தது.

7. பாலாறு கொடுத்த விலை

பட்டைநீர் நாறும், கறை படியும். ஆனால் குரோமியமும் உப்பும் சல்பைடும் அப்படிப் போகிறவை அல்ல. மண்ணில் இறங்கும், கிணற்றில் ஏறும். பாதிக்கப்பட்ட மக்களின் சார்பில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் உள்ள தகவல்கள் இவை:

• ஒரு கிலோ தோலை முழுமையாகப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது.
• பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது.
• திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஆய்வு செய்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

"மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்", "கேடு வரும் என்ற ஐயம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும்" என்ற இரு கொள்கைகளும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பொது நிலையம் அமைக்க வேண்டும், இல்லையேல் மூட வேண்டும் என்றது. இன்று சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர் எவரும் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது.

பிரச்சினை அதோடு தீர்ந்ததா? இல்லை. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இரவில் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டிக்குப் பக்கத்தில் படுப்பவர் யார் என்பது மட்டும் மாறியிருக்கிறது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிறார்கள். "மூடு" என்றால் அந்தச் சம்பளமும் மூடும். "திற" என்றால் கிணறு கெடும். இதற்கு ஒரே வரியில் பதில் எழுதும் மாணவரைவிட, இரண்டு பக்கத்தையும் எடை போட்டு எழுதும் மாணவருக்கே அதிகப் புள்ளி கொடுங்கள்.

8. நம் வகுப்பறையில்

2011-இல் 'இண்டர்லோக்' நாவல் படிவம் 5 மாணவர்களுக்குப் பாடநூலானபோது, அதில் 'பறையா' என்ற சொல் வந்ததை நம் சமூகம் கடுமையாக எதிர்த்தது. கடைசியில் அந்நூல் பள்ளிகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. சரி. ஆனால் தோல் வேலை செய்த மக்களின் சாதிப் பெயரை நம்மில் சிலரே வசைச்சொல்லாக வீசுகிறோமே, அதை எந்த நூலிலிருந்து நீக்குவது? பள்ளி விளையாட்டுத் திடலில் அந்தச் சொல் காதில் விழுந்தால் "அப்படிப் பேசாதே" என்று அதட்டிவிட்டுப் போவது போதாது. அந்தத் தொழில் என்ன, அதற்கு எவ்வளவு அறிவு வேண்டும், யாருடைய கிணற்றுக்கு அவர்கள் நீர் இறைத்துக் கொடுத்தார்கள் என்று பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். தைப்பூசத்தில் உருமி அதிரும்போது ஆடுகிற பிள்ளைக்கு, அந்த ஒலி ஒரு தோலிலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டாமா?

ஆண்டு வரிசை (மீள்பார்வைக்கு)

1844 – ஜொகூரில் சூராட் சுங்கை வழங்கத் தொடக்கம்
1856 – ராயபுரம்–வாலாஜா ரோடு ரயில் பாதை
1903-ஐ ஒட்டி – சென்னையில் குரோம் பதனிடும் சோதனை
1917 – கங்சூ முறை ஒழிப்பு
1919 – கச்சாத் தோல் ஏற்றுமதி வரி 15 சதவீதம்
1948 – மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்
1996 – வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் தீர்ப்பு

பயிற்சி வினாக்கள்

1. ஜொகூரில் மிளகும் கம்பீரும் ஒன்றாகப் பயிரிடப்பட்டதற்குக் காரணம் என்ன? (குறிப்பு: சக்கை)
2. பாலாற்றுப் பகுதியில் தோல் தொழில் வளர்ந்ததற்கான நான்கு காரணங்களை விளக்குக.
3. "19-ஆம் நூற்றாண்டில் ஜொகூரும் சென்னையும் ஒரே சந்தையின் இரு கைகள்." இக்கூற்றை ஆதாரங்களுடன் ஆராய்க.
4. ஆவாரம்பட்டை முறை, குரோம் முறை: நேரம், நீர், கழிவு, தொழிலாளர் நலன் ஆகிய நான்கு தலைப்புகளில் ஒப்பிடுக.
5. குழு வேலை: உங்கள் ஊரில் 'கங்கார்' என்று தொடங்கும் இடப்பெயர் உண்டா? வரைபடத்தில் குறித்து, அருகில் உள்ள ஆற்றின் பெயரையும், இன்று அங்கே என்ன இருக்கிறது என்பதையும் எழுதி வருக.

ஐந்தாவது வினாவை விடுமுறைப் பணியாகக் கொடுக்கலாம். பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும். கம்பீர் நின்ற நிலத்தில் ரப்பர் வந்து, ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனையும் வீடமைப்பும் வந்த கதையை, நம்மைவிட அவர்கள்தான் நன்றாகச் சொல்வார்கள்.